லேபிள் படத்தில் இருக்கிறது, ஸ்டுடியோ பெயர் எங்கே?

கேள்வி: கோவையில் மூன்று பேர் சேர்ந்து சின்ன டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறோம். ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டும் ஒருவருக்கு லோகோ, பாட்டில் லேபிள், கடைப் பலகை எல்லாம் செய்து கொடுத்தோம். போன வாரம் அவரைப் பற்றி ஒரு நாளிதழில் அரைப்பக்கம் வந்தது. படத்தில் எங்கள் லேபிள் பளிச்சென்று தெரிகிறது, எங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. திருத்தம் போடச் சொல்லலாமா? அடுத்த முறை பெயர் வர என்ன செய்வது? வந்தால் அதனால் வேலை கிடைக்குமா?

பதில்: முதல் கேள்விக்குச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: திருத்தம் கேட்காதீர்கள். தப்பாக வந்ததற்குத்தான் திருத்தம் போடுவார்கள், விடுபட்டதற்குப் போட மாட்டார்கள். உங்கள் லேபிளை வேறொருவர் செய்ததாக எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது இரண்டொரு நாளுக்குள் தேதி, பதிப்பு, பக்க எண், தப்பான வரி, சரியான வரி என்று நாலு வரியில் மின்னஞ்சல் போட வேண்டும். ஆங்கில இந்து நாளிதழ் இதற்கென்றே 2006-இல் வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பை உருவாக்கியது. மற்ற இடங்களில் ஆசிரியருக்கே எழுதலாம். உங்கள் விஷயம் அந்த வகையில் சேராது. ஆனால் அந்தச் செய்தி இணையத்திலும் வந்திருந்தால், நிருபரிடம் பணிவாக ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பார்க்கலாம். அச்சடித்த பக்கத்தில் யாரும் கை வைக்க முடியாது, இணையப் பக்கத்தில் முடியும். நாளைக்கு உங்கள் வாடிக்கையாளரின் பெயரை யாராவது தேடினால் கண்ணில் படப்போவதும் அந்த இணையப் பக்கம்தான்.

நான் ஒரு நாளிதழின் இணைப்பிதழ் டெஸ்க்கில், அதாவது நிருபர்கள் எழுதியதைத் திருத்தி வெட்டிப் பக்கத்தில் வைக்கிற பிரிவில், 11 வருடம் இருந்தேன். அப்புறம் வெளியே வந்து, சின்ன ஸ்டுடியோக்களுக்குச் செய்திக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் உங்கள் பெயர் எந்தத் திருப்பத்தில் காணாமல் போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

நிருபர் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார். எண்ணெய்க்காரர் பேச்சுவாக்கில் உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால், நிருபரும் எங்காவது ஏழாவது எட்டாவது பத்தியில் எழுதியிருப்பார். சாயங்காலம் செய்தி டெஸ்க்குக்கு வரும். முக்கால் பக்கத்துக்கு என்று ஒதுக்கிய இடத்தில் கடைசி நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து உட்காரும். முக்கால் பக்கம் அரைப்பக்கம் ஆகும். அந்த நேரத்தில் உதவி ஆசிரியர் செய்தியை முழுதாகப் படித்து எது முக்கியம் என்று நிறுத்துப் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். வாலிலிருந்து வெட்டுவார். எல்லாச் செய்தியையும் தலை கனமாக, வால் லேசாக எழுதப் பழக்குவதே இப்படி வெட்டுவதற்கு வசதியாகத்தான். ஏழாவது பத்தி போனது, நீங்களும் போனீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு செய்தியில் ஒரு வியாபாரப் பெயர் இருந்தாலே டெஸ்க்குக்குக் கை அரிக்கும். இரண்டாவதாக ஒன்று வந்தால் விளம்பர வாடை அடிக்கிறது என்று தோன்றிவிடும். எண்ணெய்க் கடையின் பெயரை எடுக்க முடியாது, செய்தியே அவரைப் பற்றியது. எடுக்க முடிந்தது உங்கள் பெயர்.

நானே அப்படி வெட்டியிருக்கிறேன். ஒரு அரசுப் பள்ளியின் மாடிப்படிகளில் மூன்று இளைஞர்கள் தனிம அட்டவணையை வரைந்திருந்தார்கள். அழகான வேலை. படம் மூன்று பத்தி அகலத்துக்கு வந்தது. அடியில் நான் எழுதிய வாசகம், ‘பள்ளி மாடிப்படியில் வரையப்பட்ட தனிம அட்டவணை’. மறுநாள் காலை நிருபர் தொலைபேசியில் கேட்டார், “சார், வரையப்பட்டதா? தானா வந்துச்சா?” பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பையன்கள் பெயருக்கு இடம் இருந்தது. வரையப்பட்ட என்று கை தானாக எழுதிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘வடிவமைக்கப்பட்ட’, ‘உருவாக்கப்பட்ட’, ‘வரையப்பட்ட’ என்ற இந்தப் ‘பட்ட’ எல்லாம் செய்தவரை விழுங்கிவிடும். டிசைன்காரர்களே தங்கள் செய்திக் குறிப்பில் ‘இந்த லேபிள் கொங்குப் பகுதியின் அடையாளங்களைக் கொண்டு வடிவமைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி அனுப்புகிறார்கள். பெயரை நீங்களே தின்றுவிட்டு டெஸ்க்கைக் குறை சொல்லி என்ன பயன்? பெயரைப் பெயரெச்சத்துக்கு முன்னால் வையுங்கள்: ‘கோவை இன்ன ஸ்டுடியோ வரைந்த லேபிளோடு எண்ணெய்ப் பாட்டில்கள்’. இதில் ஸ்டுடியோவை எடுத்தால் ‘வரைந்த’ அந்தரத்தில் தொங்கும். வாக்கியத்தைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும், இரவு எட்டு மணிக்கு யாரும் அந்த வேலை பார்க்க மாட்டார்கள். தனி வாக்கியமாக ‘இதை வடிவமைத்தது இன்ன ஸ்டுடியோ’ என்று வைத்தால் ஒரே அழுத்தில் போய்விடும்.

டெஸ்க்கின் கத்தி அதிகம் படாத இடங்கள் மூன்று. ஒன்று, படத்தின் அடிவாசகம். நீளமான செய்தியை வெட்டுவார்கள், அடிவாசகத்தை வெட்டுவதில்லை. இடம் ஏற்கெனவே அளந்து வைத்தது. இரண்டு, வாடிக்கையாளர் வாயால் வரும் மேற்கோள். ‘லேபிளே வேண்டாம்னு இருந்தேன், கோயம்புத்தூர்ல இந்தப் பசங்கதான் ஒரு தடவை பாருங்கன்னாங்க’ என்று அவர் சொன்னால் அது மனிதர் பேச்சு, விளம்பர வாடை வராது. அதற்கு அவரைத் தயார் செய்ய வேண்டியது நீங்கள். பாதிப் பேர் ஸ்டுடியோவின் பெயரை நிருபரிடம் சொல்லாமல் விடுவது மறதியால்தான். கடைக் கல்லாவில் உங்கள் பெயரும் ஊரும் தமிழில் அச்சடித்த ஒரு அட்டையை வைத்துவிட்டு வாருங்கள். நிருபர் அதைப் படம் எடுத்துக்கொள்வார், எழுத்துப் பிழையும் வராது.

மூன்றாவது இடம் ‘படம்:’ என்று ஓரத்தில் வரும் பொடி எழுத்து. எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். சின்ன ஊர்ச் செய்திகளுக்குப் பத்திரிகைப் புகைப்படக்காரர் எப்போதும் வர முடியாது. நல்ல படத்தை நீங்கள் கொடுத்தால் உங்கள் பெயரில் போடச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் ஸ்டுடியோக்காரர்கள் சறுக்குகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் பாட்டில் மிதக்கிற படம் உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு அழகு, பத்திரிகைக்கு உதவாது. செக்கு தெரிய வேண்டும், ஆள் தெரிய வேண்டும், அவர் கையில் பாட்டில் இருக்க வேண்டும். நெடுக்காக ஒன்று, படுக்கையாக ஒன்று. 20 செ.மீ. அகலத்துக்கு அச்சாக வேண்டுமென்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் சுமார் 2,400 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது நசுங்கிப்போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது மின்னஞ்சலில் போடுங்கள். நியூஸ்பிரிண்ட் மை குடிக்கிற தாள். திரையில் நல்லெண்ணெய் நிறத்தில் ஆழமாகத் தெரிவது அச்சில் கரியாகிவிடும், அதனால் ஒரு படி வெளிச்சமாகவே கொடுங்கள்.

செய்திக் குறிப்பைப் பிடிஎஃப்பாக அனுப்பாதீர்கள். தமிழ் எழுத்தை அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும். அதைச் சரிசெய்ய நேரமில்லாமலே குப்பைக்குப் போன குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சலின் உடலிலேயே யூனிகோடில், முந்நூறு சொல்லுக்குள்.

சரி, இதெல்லாம் செய்தி ஏற்கெனவே வருகிறது என்றால். ஒரு ஸ்டுடியோவின் வேலையைப் பற்றிப் பத்திரிகை எப்போது எழுதும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ‘புது லோகோ செய்தோம்’ என்பது உங்கள் வீட்டு விசேஷம், ஊருக்குச் செய்தி இல்லை. டிசைன் செய்தியாக வருகிற வழிகள் குறைவு, ஒவ்வொன்றிலும் பெயர் நிற்கும் விதமும் வேறு.

ரூபாய்க் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிதி அமைச்சகம் போட்டி வைத்தது, 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மறுநாள் எல்லா நாளிதழிலும் அதை வரைந்த உதயகுமாரின் பெயரும் படமும். தேவநாகரி ர எழுத்தையும் ரோமன் எழுத்தையும் இணைத்த வடிவம் என்ற விளக்கத்தைவிட, ஐஐடி பம்பாயில் படித்தவர், தமிழ்நாட்டுக்காரர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் மகன் என்பதுதான் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு முக்கியமாக இருந்தது. போட்டி என்பதால் ஜெயித்தவர்தான் செய்தி, பெயரை வெட்டவே முடியாது. 2025 மார்ச்சில் தமிழக அரசு பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறியீட்டுக்குப் பதிலாக ‘ரூ’ என்று போட்டபோது, 15 வருடம் கழித்தும் நிருபர்கள் அவரைத் தேடிப்போய்க் கருத்து கேட்டார்கள்.

பெங்களூரு நகரத்தின் லோகோ உங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். 2017 டிசம்பரில் கர்நாடகச் சுற்றுலாத் துறை அதை வெளியிட்டது. செய்தது ‘நம்மூர்’ என்ற சின்ன உள்ளூர் டிசைன் நிறுவனம். கன்னட எழுத்தும் ஆங்கில எழுத்தும் கலந்து நகரத்தின் பெயர், அதில் ‘பி’யும் (Be) ‘யு’வும் (U) மட்டும் சிவப்பில், ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் ‘நீ நீயாக இரு’ என்று பொருள். தலைப்பு இந்தியாவில் தனக்கென்று லோகோ வைத்துக்கொண்ட முதல் நகரம் என்பதுதான், எழுத்து வடிவம் எல்லாம் அப்புறம். ஆனாலும் நம்மூர் என்ற பெயர் செய்திகளில் இருந்தது. ‘பி’யும் ‘யு’வும் ஏன் சிவப்பு என்று விளக்க ஒரு ஆள் வேண்டுமே. விளக்கம் தேவைப்படுகிற ஒன்றை வேலைக்குள் வைத்திருந்தால் விளக்குகிறவரின் பெயரும் கூடவே வரும்.

சென்னைக் கண்ணகி நகரில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைந்தபோது, செய்தி ஓவியத்தைப் பற்றி மட்டும் இல்லை. நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அங்கே குடியேறியவர்கள், அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கும் முதலாளிகள், அந்த இடத்துக்கு இப்போது ஆட்கள் படம் எடுக்க வருகிறார்கள் என்பது செய்தி. வரைந்தவர்களின் பெயரும் அதில் இயல்பாகச் சேர்ந்து வந்தது. உங்கள் எண்ணெய்க்காரரின் அரைப்பக்கமும் இதே இனம்தான். செக்கு ஏன் திரும்பி வந்தது, அவர் ஏன் இதில் இறங்கினார் என்பதுதான் கதை, லேபிள் அதில் ஒரு பாத்திரம்.

இன்னொரு வழி இருக்கிறது, அதில் மாட்டாமல் இருப்பது நல்லது. பொதுப்பணத்தில் செய்த டிசைன் என்றால் பத்திரிகை முதலில் கேட்பது ‘எவ்வளவு?’ லண்டன் 2012 ஒலிம்பிக் லோகோவை 2007 ஜூனில் வெளியிட்டபோது அதை வடிவமைத்த வுல்ஃப் ஓலின்ஸ் நிறுவனத்தின் பெயர் உலகம் முழுக்கப் போனது, 4 லட்சம் பவுண்டு என்ற தொகையோடு ஒட்டிக்கொண்டு. லோகோவைத் தூக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதோடு வந்த அசைபடத் துண்டு வலிப்பு நோய் உள்ளவர்களைப் பாதிக்கிறது என்று சொல்லி எடுத்தார்கள். பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது. மூன்று பேர் ஸ்டுடியோ ஒரு நகராட்சிக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ வேலை செய்யும்போது, தொகையை யார் சொல்வது, அதில் என்னென்ன வேலை அடக்கம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ‘லோகோவுக்கு மூன்று லட்சமா’ என்று தலைப்பு வரும், 40 பலகைகளும் இரண்டு வருடப் பராமரிப்பும் அதில் உண்டு என்பது வாலோடு போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இதைச் செய்தது நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும் என்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் புதுப்பிப்பு வேலைக்காகப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் இந்தப் பிரிவைப் பிடித்து வழக்காடி 2005-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு. நடுவில் 26 வருடம். உங்கள் லேபிளுக்காக அந்த வழிக்குப் போக வேண்டாம். நடப்புச் செய்திக்காக நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்த அதே சட்டம் பத்திரிகைக்கு இடமும் கொடுக்கிறது. ஆனால் அந்த 57-ஆவது பிரிவில் உங்களுக்கே ஒரு முள் இருக்கிறது. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிற டிசைனர் வரைந்தது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை ஸ்டுடியோவுக்கு, ஆனால் ‘செய்தது நான்’ என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ. எனவே எங்கள் பெயர் வரவில்லை என்று வருத்தப்படும்போது, நீங்கள் அனுப்பும் குறிப்பில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருப்பதில்லை.

சட்டத்தைவிட உதவுவது ஒப்பந்தத்தில் ஒரு வரி. ‘இந்த வேலையைப் பற்றி ஊடகத்தில் பேசும்போது ஸ்டுடியோவின் பெயரைக் குறிப்பிட வாடிக்கையாளர் முயல்வார், வெளியான பிறகு ஸ்டுடியோவும் இதைத் தன் வேலையாகக் காட்டலாம்’ என்ற அளவு போதும். கட்டாயம் என்று எழுதினால் சின்ன வியாபாரிகள் பயப்படுவார்கள். வேறொரு விளம்பர நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தத்தில் செய்த வேலை என்றால் ரகசிய விதியைப் படித்துவிட்டு வாயைத் திறங்கள். பெயர் வெளியே வராது என்பதற்கும் சேர்த்துத்தான் பல நேரம் அங்கே காசு கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. செய்தி வந்த வாரத்தில் உங்களுக்கோ எண்ணெய்க்காரருக்கோ யாராவது கூப்பிட்டு, ‘சிறப்புப் பக்கம் போடுறோம், சின்னத் தொகைதான், உங்க ஸ்டுடியோவைப் பத்தி முழுசா எழுதிடலாம்’ என்று சொல்லலாம். விளம்பரம் என்று தலையில் அச்சடித்து வந்தால் அது நேர்மையான விளம்பரம், காசு இருந்தால் கொடுங்கள். செய்தி மாதிரியே வரும் என்றால் விலகுங்கள். காசுக்கோ பொருளுக்கோ வெளியிடும் செய்தியைக் ‘கட்டணச் செய்தி’ என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010 அறிக்கையில் வரையறுத்துக் கண்டித்திருக்கிறது. நிருபருக்குக் ‘கவர்’ கொடுக்கச் சொல்லி ஆலோசனை தருகிறவர்களும் உண்டு. நல்ல நிருபருக்கு அது அவமானம், மற்றவர் அடுத்த முறையும் எதிர்பார்ப்பார்.

வேலை வருமா? படித்தவுடன் போன் வராது. வந்தால் சித்தப்பாவிடமிருந்து வரும். எண்ணெய்க்காரருக்கு ஒரு வாரம் போன் அடித்துக்கொண்டே இருக்கும், அது அவருடைய பங்கு. உங்களுக்குப் பலன் மெதுவாக, வேறு வழியில் வரும். அதே தொழிலில் இருக்கிற இன்னொருவர், நாட்டுச்சர்க்கரைக்காரரோ தேன் விற்பவரோ, ‘அந்த லேபிள் யார் போட்டது’ என்று அவரிடம் கேட்பார். விலை பேசும்போது வாடிக்கையாளர் முன்னால் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தால் பேரம் கொஞ்சம் தளரும். அவ்வளவுதான், ஆனால் மூன்று பேர் ஸ்டுடியோவுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. செய்தியை அப்படியே தட்டச்சு செய்து உங்கள் தளத்தில் போடாதீர்கள், எழுத்து பத்திரிகைக்குச் சொந்தம். இணைப்பும் இரண்டு வரி விளக்கமும் போதும்.

இப்போது செய்ய வேண்டியது: எண்ணெய்க்காரரிடம் குறை சொல்லாமல் வாழ்த்துச் சொல்லுங்கள், நிருபரின் எண்ணை வாங்குங்கள். நிருபருக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள், அதில் எதுவும் கேட்காதீர்கள். ஒரு மாதம் கழித்து அவருக்கு ஒரு விஷயம் கொடுங்கள், ஸ்டுடியோவைப் பற்றியதாக இல்லாமல். லேபிள் போடும்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்: பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் வருட எடையளவு விதிகளின்படி நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் வேறு. இதில் ஒன்றை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் அடித்துக் குப்பையில் போட்ட சின்ன உற்பத்தியாளர்கள் உங்கள் பக்கத்தில் நிச்சயம் இருப்பார்கள். அது வணிகப் பக்கத்துக்கு நல்ல செய்தி. அதில் விளக்கம் சொல்கிறவர் நீங்கள், உங்கள் பெயரை எந்த டெஸ்க்கும் வெட்டாது, மேற்கோளுக்குப் பெயர் இல்லாமல் முடியாது.

கடைசியாக, அந்த அரைப்பக்கம் ஈரோட்டுப் பதிப்பில் மட்டும் வந்திருக்க வாய்ப்பு அதிகம், கோவைப் பதிப்பில் அந்த இடத்தில் வேறு செய்தி இருந்திருக்கும். போன வாரப் பேப்பர் எடைக்குப் போவதற்குள் எண்ணெய்க்காரர் ஊரில் யாரிடமாவது சொல்லி நான்கு பிரதி எடுத்து வையுங்கள்.